ஊதா, பச்சை, பழுப்பு

மூன்றாம் எண் இயந்திரத்தின் வாயில்
'ரோசாக்' என்று அட்டை தொங்கி
இன்றோடு பதினொரு நாள்.
மூட்டையோடு வருகிறவர்கள்
அட்டையைப் பார்ப்பதில்லை,
என்னைப் பார்க்கிறார்கள்.

சிரம்பானிலிருந்து ஆ ஹெங் வரவேண்டும்.
வந்தால் நூற்றெண்பது வெள்ளி,
எட்டிப் பார்ப்பதற்கு மட்டும்.
போன தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"போர்டு போச்சு. ஆயிரத்து நானூறு."
சொல்லும்போது அவர் கண்
என் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

பஹாவில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
என் டோபிக் கடை வாசலில்தான் கியர் மாற்றும்.
கண்ணாடிக் கதவு ஒருமுறை அதிரும்.
இரவு பத்தரைக்கு மேல் அதிர்வு அடங்கும்.
அப்போதுதான், துணி மடிக்கும் மேசையில்
நாளிதழ் விரித்து
போர்டைக் கிடத்துவேன்.

முதல் வாரம் பெயர்கள்கூடப் பிடிபடவில்லை.
நானாக வைத்துக்கொண்டேன்:
உருண்டையாக நிற்பது தூக்குச்சட்டி,
இரு பக்கமும் காலுள்ளது பூரான்,
உடம்பில் நிறக்கோடு போட்டவை வளையல்காரிகள்.

அந்த வளையல்களுக்குக் கணக்கு உண்டென்று
கைப்பேசியில் ஒரு பையன் சொன்னான்,
மலாயில், வேகமாக,
பின்னால் அவன் வீட்டுச் சேவல் கூவ.
கறுப்பு சைபர். பழுப்பு ஒன்று. சிவப்பு இரண்டு.
ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா, சாம்பல்
என்று படியேறி
வெள்ளை ஒன்பதில் நிற்கும்.
மூன்றாவது வளையல்
பின்னால் எத்தனை சைபர் என்று சொல்லும்.

பதினாறு வருஷமாக
நிறம் பிரித்துத் துணி போடுகிறவள் நான்.
வெள்ளையோடு சிவப்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
நிறம் எண்ணாகும் என்பது மட்டும்
நாற்பத்து மூன்று வயதில்தான் வந்து சேர்ந்தது.

அப்புறம் நிறுத்த முடியவில்லை.
கடை வாடகை எழுநூற்று ஐம்பது:
ஊதா, பச்சை, பழுப்பு.
வங்கித் தவணை ஆயிரத்து இருநூறு:
பழுப்பு, சிவப்பு, சிவப்பு.
ஆ ஹெங்கின் எட்டிப் பார்த்தல்:
பழுப்பு, சாம்பல், பழுப்பு.
தூக்கத்திலும் வளையல் குலுங்கியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்
தோட்டத்து இந்தோனேசியர்கள் வந்தார்கள்.
ஓடுகிற நாலு இயந்திரத்துக்கு
ஒன்பது மூட்டை.
வாஹ்யு காத்திருக்காமல்
எதிர்த்தெருப் புதுக் கடைக்கு நடந்தான்.
அங்கே குளிர்சாதனம்,
சில்லறை கேட்காத இயந்திரங்கள்.
அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே
ஒரே துண்டை மூன்று முறை மடித்தேன்.

அன்றிரவு சால்டர் முனை பெருவிரலில் பட்டது.
பற்பசை தடவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.

ஒரு தூக்குச்சட்டிக்கு வயிறு உப்பியிருந்தது.
பத்து இரவும் நான் பார்த்த அதே தூக்குச்சட்டி.
தலை தட்டையாக இருக்கவேண்டும் என்று
தெரிந்த பிறகுதான்
கண் அதைக் கண்டது.
விலை ஒரு வெள்ளி இருபது காசு.
வாங்கிவரப் பேருந்துக்கு
அதைப்போல் பல மடங்கு.

மாற்றினேன். கம்பிகளைப் பொருத்தினேன்.
சுவிட்சைத் தட்டிவிட்டு வாசலுக்கு ஓடினேன்,
வெடித்தால் நடுவே கண்ணாடியாவது இருக்கட்டும் என்று.

தண்ணீர் இறங்கியது.
உருளை சுற்றியது.

சுற்றியது சரி. ஆனால்
அலசுவதற்கு முன்பே, பாதியில்,
எல்லாம் முடிந்ததுபோல் மணி அடிக்கிறது.
எந்தக் கம்பியை எங்கே மாட்டினேனோ.
'ரோசாக்' அட்டையைத் திருப்பி
பின்பக்கம் எழுதினேன், மலாயிலும் தமிழிலும்:
முதல் மணியை நம்பாதீர்கள்.

அடுத்த வெள்ளி வாஹ்யு வந்தான்.
வாசித்தான், சிரித்தான்,
மூட்டையை உள்ளே திணித்தான்.
புதுக் கடை பிடிக்கவில்லையா என்று
நானும் கேட்கவில்லை.

ஐந்தாம் எண்ணுக்குள் நேற்றிலிருந்து ஒரு முனகல்.
பெல்ட்டா, பேரிங்கா,
அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை.
காதை அதில் வைத்துக்கொண்டே
மூன்றாம் எண்ணின் பெட்டியைத் திறந்து
சில்லறையைக் கொட்டி எண்ணுகிறேன்.
மஞ்சள், நீலம், கறுப்பு.